கௌஸ் என்று ஒரு முறை

1922ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நான் ஒரு வாக்கியம் எழுதினேன். பிரிக்பீல்ட்ஸில் அகமதின் துணிக்கடைப் பின்கட்டில், துணி அளக்கும் பலகையின்மேல் முத்திரைத் தாளை விரித்து, நின்றபடியே எழுதினேன். முப்பத்தோராண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். ஓர் ஒற்று விடுபட்டிருந்தால் எனக்கு உணவு இறங்காது. அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

'பவுனம்மாள் ஆகிய நான், பிறந்து நாற்பது நாளான என் ஆண்மகவை அகமது, ஜுபைதா ஆகியோர்க்கு மனமொப்பிக் கொடுத்துவிட்டமையால், இனி அவனைப் பெற்றவள் என்று எவரிடமும் சொல்லேன், அவன்மீது உரிமை கோரேன், அவனைப் பெயர் சொல்லி அழையேன்.'

அகமது கேட்டவை முதல் இரண்டு மட்டுமே. மூன்றாவதை நானாகச் சேர்த்தேன். சொல்லேன், கோரேன் என்று இரண்டோடு நிறுத்தினால் ஓசை நிறைவு பெறவில்லை. மூன்றாவதாக ஒன்று வந்து அமர்ந்தால்தான் வாக்கியம் நிமிர்ந்து நிற்கும் என்று எனக்குப் பட்டது. 'அழையேன்' என்றெழுதி முற்றுப்புள்ளி வைத்தபோது உண்டான மகிழ்ச்சியை நினைத்தால் இப்போது உடல் கூசுகிறது.

பவுனம்மாளின் கணவன் இருப்புப்பாதைக் கூலி. மகன் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னர் காய்ச்சலில் இறந்துவிட்டான். இரண்டு பெண் குழந்தைகள் ஏற்கெனவே இருந்தன. அவளுக்குப் பாலும் வற்றிவிட்டது. கடைக்காரர் அகமதின் மனைவி ஜுபைதாவோ மூன்று குழந்தைகளைப் பெற்று மூன்றையும் அடக்கம் செய்தவள். இரு குடும்பத்துக்கும் அறிமுகமானவனும் எழுதத் தெரிந்தவனும் நானே ஆகையால் என்னை அழைத்தார்கள்.

எழுதியதை வாசித்துக் காட்டினேன். பவுனம்மாள் தலைகுனிந்து கேட்டாள்.

"கடேசில சொன்னது என்னாங்கய்யா?"

"பேர் சொல்லிக் கூப்பிடப்படாது எண்டு."

"அப்ப என்னான்னு கூப்பிடறது?"

நான் பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "கூப்பிடாமல் இருக்கிறது" என்றேன்.

அவள் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெயர் சூட்டினார்கள். அக்காலத்தில் அங்கே ஓதிக்கொண்டிருந்த முதிய லெபை, குழந்தையின் வலக்காதில் பாங்கு சொல்லி, நாவில் தேன் தடவி, 'கௌஸ் முகைதீன்' என்று மூன்று தரம் அழைத்தார். கடை வாசலில் விசுப்பலகையில் அமர்ந்திருந்த நான், சொல்லின் பொருளை அறியாமல் பலகாரத்தைத் தொடமாட்டேன் என்றேன். லெபை சிரித்தார்.

"கௌஸுன்னா, அபயம்னு கூப்பிட்ட கொரலுக்கு வந்து நிக்கிற ஒதவிங்க. எங்க மகான் முகைதீன் ஆண்டவருக்கு உள்ள பட்டம். மூணாவது புள்ள மௌத்தானப்ப இந்தப் பொண்ணு அந்தப் பேரைச் சொல்லித்தான் அழுதுச்சாம். வருசம் திரும்பறதுக்குள்ள இது வந்துருச்சு. வேற என்னா பேரு வெக்கிறது?"

"ஒரு சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய சுமையோ?"

"சுமைதான். எங்க மார்க்கத்துல பேர் சும்மா அடையாளத்துக்கு இல்லீங்க வாத்தியாரய்யா. புள்ளைக்கு வாப்பா குடுக்குற மொதச் சொத்து அதுதான். மறுமையில அந்தப் பேரைச் சொல்லித்தான் எழுப்புவாங்க. அதுக்கு முன்னாடியே, மௌத்தானவுடனே, நாங்க ஒரு தடவ எழுப்புவோம். அடக்கிட்டுத் தலைமாட்டுல உக்காந்து, இன்னாரு பெத்த மகனே இன்னாரேன்னு கூப்பிட்டு, மலக்குகள், அதான் வானவருங்க, வந்து கேட்டா இப்படிப் பதில் சொல்லுன்னு சொல்லிக்குடுப்போம். தல்கீன்னு பேரு. அங்க உம்மா பேருதான். வாப்பா பேரு இல்ல."

"ஏன் தாயின் பேர்?"

"பெத்தவ யாருங்கிறதுலதான சந்தேகமே வராது!" என்று சிரித்தவர், அகமதின் பக்கம் திரும்பியபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வளக்குற புள்ளதான், மொதலாளி. நல்லா வளங்க. ஆனா பெத்தவளை மறைக்காதீங்க. மறைச்சா அந்தப் பாவம் நம்ம பேருல எழுதப்படும்."

அகமது பலகையின் அளவுக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரைச்சீலைக்கு அப்பால் ஜுபைதாவின் வளையல் ஒருமுறை ஒலித்து நின்றது. பின்சந்தில் தண்ணீர்க் குழாயடியில் பவுனம்மாள் இரு பெண்களையும் பிடித்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். மூன்று தரம் அழைக்கப்பட்ட பெயர் அவள் காதிலும் விழுந்திருக்கும்.

அவள் ஊரை விட்டுப் போகவில்லை. இரயில்வே கூலி லயனிலேயே இருந்தாள். வீடுகளில் துணி துவைத்தாள். கௌஸுக்கு ஐந்து வயதாயிருந்தபோது ஒரு நாள் மாட்டு வண்டிக்கு முன்னால் ஓடிவிட்டான். தெருவே அவன் பெயரைக் கூவிற்று. பவுனம்மாள் மட்டும் வாய் திறவாமல் பாய்ந்து சென்று அவனைத் தூக்கித் தெருவோரத்தில் விட்டாள். அவனைத் தன் பக்கம் திருப்ப வேண்டுமானால் கைகளைத் தட்டுவாள். தெருவில் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. அவனே வளர்ந்த பிறகு கேலி செய்வான்.

"பவுனக்கா, எனக்குப் பேரே இல்லியா? கோழி வெரட்டற மாதிரி தட்டறீங்க!"

"கோழின்னா சொன்ன பேச்சுக் கேக்கும்" என்பாள் அவள்.

அதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்டுச் சிரித்துமிருக்கிறேன். நான் எழுதிய வாக்கியத்தின் மூன்றாம் உறுப்பான 'அழையேன்' அந்தக் கைத்தட்டலாக உயிரோடு திரிகிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. எழுதியவன் மறந்துவிட்டான், எழுத்தறியாதவள் மறக்கவில்லை.

ஜப்பானியர் வந்தனர். கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பச் சொன்னார்கள். ஆண்டை 2602 என்று எழுதச் சொன்னார்கள். என் வீட்டுக் கடிகாரத்தை நான் திருப்பவில்லை. அது ஒரு பெரிய வீரம் போல எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அகமதின் கடையில் துணி தீர்ந்தது. அலமாரிகளில் மரவள்ளிக் கிழங்கை அடுக்கினார்கள். 1943இல் நீரிழிவுக்கு மருந்தின்றி அகமது இறந்தார். கௌஸ் செந்தூல் இரயில் பட்டறையில் பிட்டர் வேலைக்குப் போனான். பவுனம்மாளின் பெண்கள் கிள்ளான் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தார்கள். துவைக்க எவரிடமும் சோப்பும் இல்லை, துணியும் இல்லை. ஆகவே அவள் அவித்த மரவள்ளியைக் கூடையில் எடுத்துக்கொண்டு செந்தூல் பட்டறை வாயிலுக்கு நடக்கத் தொடங்கினாள். பிரிக்பீல்ட்ஸிலேயே விற்றிருக்கலாம். ஏன் அவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை.

கௌஸ் மாலையில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பேசுவான்.

"வாத்தியாரய்யா, எங்க வாப்பாவுக்கு வேற பேரே கெடைக்கலியா? 'கௌசு, ஸ்பானரு.' 'கௌசு, தண்ணி.' 'கௌசு, இதத் தூக்கு.' கூப்பிட்டா ஓடணும்னு பேருலயே எழுதிட்டாங்க. அர்த்தம் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான், கணக்கெழுதற யோகநாதன் கிராணி. அவன்தான் ரொம்பப் படுத்துறான் லா."

"ஓடாமல் இருந்து பாரன்."

"பாத்தேனே. கால் கேக்க மாட்டேங்குது."

1945 மாசி மாதத்தில் ஒரு முற்பகல், வெள்ளி மீன்களைப் போல வானத்தில் மிக உயரத்தில் விமானங்கள் தோன்றின. செந்தூல் பக்கம் நிலம் அதிர்ந்தது. எங்கள் தெருவில் ஓடுகள் உதிர்ந்தன. ஒரு மணி நேரத்துக்குப் பின்னர், பட்டறைக் கிராணி யோகநாதன், சட்டையெல்லாம் செங்கல் தூளாக, என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாஸ்டர், கௌசு செத்துப்போனான்."

நான் படியிறங்கி அவர் அருகே சென்றேன்.

"சங்கு ஊதின உடனை எல்லாரும் குழிக்குள்ளை குதிச்சிட்டம். அவன் எனக்குப் பக்கத்திலைதான் இருந்தவன், மாஸ்டர். வெளியிலை ஆரோ அவன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டினம். ஒரு தரம்தான். ஏறிப் போயிட்டான். பிடிச்சு இழுத்தனான், சட்டைத் துண்டுதான் கையிலை வந்தது." சற்று நின்று, "பேருக்கேத்த சாவு, மாஸ்டர்" என்றார்.

"வாயை மூடும்!" என்றேன். "பேருக்கேற்ற சாவு எண்டு ஒண்டு இல்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்தச் சாவும் ஏற்றதில்லை."

அவர் அழத் தொடங்கினார். அவரிடம் கோபித்துப் பயனில்லை என்று அப்போதே அறிந்திருந்தேன்.

நண்பகலில் உடலைக் கொண்டுவந்தார்கள். துணிக்கடைக்காரர் வீட்டில், உடலைச் சுற்றும் கபனுக்குத் துணி இல்லை. ஜுபைதா தன் இறுதிக்கென்று பெட்டியின் அடியில் வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்தாள். நீராட்டி முடிந்த பிறகு, என்னை உள்ளே வருமாறு சொல்லியனுப்பினாள். திரைக்கு அப்பால் அவளும் இப்பால் நானுமாக, முன்னர் அந்தத் தாளை எழுதிய அதே பின்கட்டில் நின்றோம்.

"வாத்தியாரய்யா, எங்க ஆளுங்கள்ல எம்பேரு தெரிஞ்சவங்க யாருமில்ல. ஆம்பளைங்க மத்தியில பொம்பள பேரச் சொல்ற வழக்கம் இல்ல. 'அகமது வீட்டம்மா'ன்னுதான் தெரியும். கிள்ளான்லேருந்து உமர் லெபை, அடக்குற எடத்துக்கே, நேரா அம்பாங் மையவாடிக்கு வந்துடுவாரு. உம்மா பேரு என்னான்னு கேப்பாரு. நீங்க போயி, ஜுபைதான்னு சொல்லணும்."

"எழுதித் தந்தால் ஆரும் சொல்லுவினமே, தங்கச்சி."

"யாரும் சொல்லக் கூடாது. நீங்க சொல்லணும்." அவள் குரல் உறுதியாயிருந்தது. "என்னையும் பவுனம்மாவையும் விட்டா, உண்மை தெரிஞ்ச ஆளு இப்ப நீங்க ஒருத்தர்தான். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு இந்த ஊருக்கே தெரியும். அதனால நீங்க சொன்னா அது பொய்யில்லாமப் போயிடும்."

"பெத்தவளை மறைக்கப்படாது எண்டு அந்தப் பழைய லெபை சொன்னது உங்களுக்கும் கேட்டது."

"கேட்டுச்சு. இருபத்திரண்டு வருசமாக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு." திரையின் ஓரத்தை அவள் விரல்கள் பற்றின. "மூணு புள்ள என்னை உம்மான்னு கூப்பிடறதுக்கு முன்னாடியே போயிருச்சுங்க. கூப்பிட்டது இவன் ஒருத்தன். அங்க மறுமையில அவனைத் தேடிப் போயி நான் உம்மான்னு நின்னா, உன் பேரு இவன் ஏட்டுல இல்லியேன்னு சொல்லிட்டா? நான் எங்க போவேன்?"

பொய்யுரையேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை. என் மௌனத்தை அவள் இசைவாகக் கொண்டாள்.

உடலைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தோளில் ஏற்றினார்கள். ஊர்வலம் சந்து முனையைத் தாண்டும்போது, தண்ணீர்க் குழாயடியிலிருந்து எவரோ கைகளைத் தட்டினார்கள். திரும்பினேன். பவுனம்மாள். நெற்றியில் கிழிந்த துணியைச் சுற்றியிருந்தாள். புருவத்தில் இரத்தம் உலர்ந்திருந்தது. கூட்டத்தை முன்னே போக விட்டு நான் பின்தங்கினேன்.

"நாந்தாங்கய்யா கூப்பிட்டேன்" என்றாள்.

"என்ன சொல்லுறாய்?"

"எல்லாரும் ஓடினாங்க. நான் கூடையப் போட்டுட்டு வேலியோரமா விழுந்தேன். தலையத் தூக்கிப் பாத்தா அவனக் காணோம். எங்கயும் காணோம். வாய் தன்னால தொறந்துருச்சு. கௌசுன்னு கத்திட்டேன்." அவள் அழவில்லை, எனக்குக் கணக்கு ஒப்புவிக்கும் மாணவியைப் போல நின்று சொன்னாள். "அவன் குழிக்குள்ள பத்தரமா இருந்திருக்கான். எனக்குத் தெரியாதே. ஏறி வந்தான். கூப்பிட்டது யாருன்னு சுத்தி சுத்திப் பாத்தான். எங் கொரலு அவனுக்கு அந்தப் பேரோட பழக்கமில்ல. கையத் தட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். அதுக்குள்ள..."

முன்னால் கலிமா ஓதும் ஒலி தேய்ந்துகொண்டே போயிற்று.

"நீங்க எழுதினபடிதாங்கய்யா இருந்தேன். பெத்தவன்னு சொல்லல. உரிம கேக்கல. பேரச் சொல்லிக் கூப்பிடல. இருபத்திரண்டு வருசத்துல ஒரு தடவ. ஒரே ஒரு தடவ மீறிட்டேன்."

அந்த மூன்றாவதை எவரும் கேட்கவில்லை, பவுனம்மா; ஓசைக்காக நான் சேர்த்தேன்; நீ அவன் பிறந்த நாள் முதல் ஆயிரம் முறை அழைத்திருக்கலாம்; அழைத்திருந்தால் உன் குரலை அவன் அறிந்திருப்பான் - இவ்வளவையும் சொல்ல வேண்டியவன் நான். ஊர்வலம் போன பக்கம் பார்த்தேன்.

"மொதலாளி மௌத்தானப்ப பொம்பளைங்க பேசிக்கிட்டாங்க, அங்க பெத்தவ பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு. எம்பேரச் சொல்லச் சொல்லுங்கய்யா. மகன்னு சொந்தம் கொண்டாடக் கேக்கல. கூப்பிட்டது யாருன்னு தெரியாமயே போயிட்டான். அது மட்டும் அவனுக்குத் தெரியட்டும்."

நான் தலையசைத்தேன். எதற்கு அசைத்தேன் என்பது எனக்கே விளங்கவில்லை. ஊர்வலத்தை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தேன்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து அம்பாங் மையவாடிக்கு நடக்கும் தொலைவு முழுவதும் இரண்டு பெயர்களை மாறி மாறி மனத்துள் வைத்துப் பார்த்தேன். பொய் என்பது எது, மெய் என்பது எது என்று வகுப்பில் எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்திருக்கிறேன்! பவுனம்மாள் என்பது மெய். அதைச் சொன்னால் அங்கே கூடியிருப்பவர்கள் முன்னிலையில், உமிழ்நீரைப் போல ஜுபைதாவின் இருபத்திரண்டாண்டுத் தாய்மை துடைக்கப்படும். மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். ஜுபைதா என்பது பொய். ஆனால் இரவெல்லாம் விழித்து அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டவளின் பெயரைப் பொய் என்று எந்த வாயால் சொல்வது? ஒருத்தியின் பெயரைச் சொல்லாமல் மற்றவளின் பெயரைச் சொல்ல முடியாது. மொழியில் இவ்வளவு சொற்கள் இருந்தும் எனக்கு ஒன்றும் போதவில்லை.

அடக்கம் முடிந்தது. மண் மேடிட்டது. கிள்ளானிலிருந்து சைக்கிளில் வந்திருந்த உமர் லெபை முப்பது வயதுக்குட்பட்டவர். தலைமாட்டில் அமர்ந்து நிமிர்ந்தார்.

"உம்மா பேரு?"

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அகமது மொதலாளி வீட்டம்மா..." என்று இழுத்தார் ஒருவர். இன்னொருவர் என்னைக் காட்டினார். "வாத்தியாரய்யாகிட்டச் சொல்லி அனுப்பியிருக்காங்க."

"சொல்லுங்கய்யா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். ஈரமண்ணின் மணம் மட்டும் உள்ளே சென்றது. ஒரு பெயர் தொண்டை வரையில் வரும். மற்றது அதைப் பிடித்து உள்ளே இழுத்துவிடும். கிழக்கே எங்கோ ஒரு விமானத்தின் இரைச்சல் கேட்டது. ஒருவர் வானத்தைப் பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

"மறந்துட்டீங்களா?" லெபையின் குரலில் இரக்கம் இருந்தது. வயது முதிர்ந்தவன், துயரத்தில் நினைவு தடுமாறுகிறான் என்று எண்ணினார் போலும். "பரவால்லீங்க. நேரமாவுது. உம்மா பேரு தெரியலன்னா அதுக்கும் எங்க கிதாபுல வழி இருக்கு. ஆதம் நபியோட துணைவி ஹவ்வா. அவங்கதான் எல்லாருக்கும் மொதத் தாய். ஹவ்வா மகன்னு ஓதிடலாம்."

நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து மேட்டின்மேல் தூவினார். அவ்வளவு நேரம் இருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"யா கௌஸ் முகைதீன் இப்ன ஹவ்வா."

மூன்று தரம் அழைத்தார். பிறந்தபோது காதருகே மெல்ல ஒலித்த அதே பெயர் இப்போது மண்ணின்மேல் உரக்க ஒலித்தது. தாயின் பெயர் தெரியாதவர்க்கென்று வைத்த வழியால், இரண்டு தாய்மார் உயிரோடிருந்த ஒருவன் அழைக்கப்பட்டான். என் வாக்கியத்தில் மிகையாக ஒன்று இருந்தது. இங்கே வேண்டிய ஒரு சொல்லும் என்னிடமிருந்து வரவில்லை.

அகமதின் வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜுபைதா திரைக்கு அப்பால் காத்திருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னன், தங்கச்சி."

"எந்தப் பேரை?"

அவள் ஐயுற்றிருக்கிறாள் என்பது அந்தக் கேள்வியால் விளங்கிற்று. "உங்கடை பேரைத்தான்" என்றேன்.

"எத்தனை தடவ கூப்பிட்டாரு?"

"மூண்டு தரம்."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான்."

திரைக்குப் பின்னாலிருந்து, நாள் முழுதும் அடக்கி வைத்திருந்த ஒரு மூச்சு வெளிப்பட்டது. அதன் பின்னரே அவள் அழுதாள். "அப்பப் பதில் சொல்லியிருப்பான் எம்புள்ள" என்று அழுகைக்கிடையே சொன்னாள். அறுபத்தாறு வயதில் நான் சொன்ன முதற்பொய் அது. தடுமாறாமல் வந்தது. அதிலும் பிழை ஒன்றுமில்லை.

பின்சந்து வழியாக வெளியேறினேன். பவுனம்மாள் குழாயடியிலேயே அமர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். நான் தலையசைத்தேன். இம்முறை எதற்கு அசைக்கிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"எம்பேரச் சொல்லியா?"

"ஓம்."

"பவுனம்மான்னா?"

"பவுனம்மாள் எண்டு."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இன்னேரம் தெரிஞ்சிருக்கும்" என்றாள். குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூட முயன்றாள், முடியவில்லை. பிறகு, தான் கேட்கப்போவது பிழையோ என்று அஞ்சுபவளைப் போல என்னைப் பார்த்தாள்.

"ஐயா, அந்தத் தாளு இன்னும் செல்லுமா? இனிமே நான் பேரச் சொல்லலாங்களா?"

அந்த மூன்றாம் உறுப்பை ஏன் எழுதினேன் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். சொல்லியிருந்தால், வீணாகப் போன இருபத்திரண்டாண்டுகளையும் அவள் கையில் கொடுத்தவனாவேன். சொல்லாவிட்டால், அவன் சாவுக்குத் தான் மீறியதே காரணம் என்று எஞ்சிய நாளெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பாள். எது கருணை என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு எளிதாயிருந்ததைச் செய்தேன்.

"சொல்லு, பவுனம்மா. தாராளமாச் சொல்லு."

அவள் அம்பாங் திசையை நோக்கித் திரும்பினாள். வாயைத் திறந்தாள். உதடுகள் அசைந்தன, பெயர் வரவில்லை. மறுபடி முயன்றாள். பிறகு, அவளையறியாமலே, அவளுடைய இரண்டு கைகளும் மேலெழுந்து, மெல்ல, ஒரு முறை தட்டின.